கண்விழிக்காத கணினி

தொண்டை நாட்டின் வடபால் எல்லையில், குன்றின்மேல் முருகன் கோயில் கொண்டு விளங்கும் ஊர் திருத்தணி. சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக ரேணிகுண்டா நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், ஆந்திர எல்லைக்கு அணித்தாக இஃது அமைந்துள்ளது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது ஆந்திரத்தோடு சேர்ந்திருந்த இவ்வூர், வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் இன்றும் தோழமையோடு ஒலிக்கின்றன. அடிவாரத்திலிருந்து கோயிலுக்கு ஏறும் படிகள், ஓர் ஆண்டின் நாள்களுக்கு ஒப்ப, 365 என்பர். ஏறுவார் எத்துணை வலியராயினும் கீழ்ப்படியை மிதித்த பின்னரே மேற்படியை எய்துதல் கூடும். கணினி என்னும் பொறி தன் உறக்கம் நீங்கி எழுவதும் இத்தகைய படியேற்றமே ஆகும். அதன் படிகளை அறிந்தவனுக்கு, ஏற்றம் எந்தப் படியில் தடைப்பட்டது என்பதைக் காணுதல் அரிதன்று.

கணித்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது கணினி என்னும் சொல். நாளும் கோளும் கணித்துக் கூறுவோனைக் கணியன் என்று சங்க காலத்தார் வழங்கினர். சொல்லின் வேர் இவ்வளவு பழமையுடையதாயினும் பொறி புதியது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட எச்.இ.சி.-2எம் என்னும் கணினி 1955-ஆம் ஆண்டு கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்தது. இந்நாட்டிற்கு வந்த முதல் மின்னணுக் கணினி அதுவே. அன்று அதனைக் கண்டவர் சிலர். தொட்டவர் மிகச் சிலர். இன்றோ எளியோர் இல்லங்களிலும் கணினி இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாட்டில் இம்மாற்றத்திற்குப் பெரிதும் துணைசெய்தது, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேனிலைக் கல்வி பயிலும் மாணவர்க்கும், கல்லூரி மாணவர்க்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கிய திட்டமாகும். அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளாகிய செப்டம்பர் 15 அன்று, 2011-ஆம் ஆண்டில், திருத்தணியைத் தன்னகத்தே கொண்ட திருவள்ளூர் மாவட்டத்திலேயே இத்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அக்காள் பெற்ற மடிக்கணினியில் தம்பி பாடம் படிப்பதும், தந்தை கடைக்கணக்கு எழுதுவதும், தாய் உறவினர் திருமணப் படங்களைப் பார்ப்பதும் பல வீடுகளில் வழக்கமாயின. ஒருவருக்கென வழங்கப்பட்ட பொறி குடும்பத்தின் பொதுச் சொத்தாயிற்று.

அத்தகைய பொறி ஒருநாள் காலையில் பொத்தானை அழுத்தியும் எழாதாயின், வீட்டில் நிகழ்வது யாது? ஒருவர் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவார். மற்றொருவர் பொறியின் முதுகில் தட்டுவார். முந்திய நாள் இரவு அதனைப் பயன்படுத்தியவர்மேல் பழி விழும். பின்னர் அனைவரும் ஒருமுகமாகக் “கணினி கெட்டுவிட்டது” என்று முடிவு கூறுவர். “உடம்பு சரியில்லை” என்று மட்டும் கூறும் நோயாளிக்கு மருத்துவன் மருந்து கொடுத்தல் இயலாது; தலையா வயிறா, நேற்றிலிருந்தா ஒரு திங்களாகவா என்று வினவியே தொடங்குவான். கணினியின் பழுதும் அவ்வாறே வினவத்தக்கது. அங்ஙனம் வினவுதற்கு, அப்பொறி நலமாக உள்ளபோது எழும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும்.

கணினியைத் தொடங்குதலை ஆங்கிலத்தில் ‘பூட்’ செய்தல் என்பர். பூட் என்பது கணுக்காலை மூடும் காலணி. அதனை இழுத்து அணிதற்பொருட்டு மேல்விளிம்பில் ஒரு வார் தைத்திருப்பர். தன் காலணியின் வாரைத் தானே பற்றி இழுத்துத் தன்னைத்தானே வானில் தூக்குதல் என்பது அம்மொழியார் நகையாகக் கூறும் இயலாச் செயல். கணினிக்கு இப்பெயர் ஏன் வந்தது? கணினி எந்தச் செயலைச் செய்தற்கும் கட்டளைத்தொகுதி ஒன்று வேண்டும். அக்கட்டளைகள் வன்தட்டில், அஃதாவது ஹார்டு டிஸ்கில், எழுதப்பட்டுள்ளன. வன்தட்டிலிருந்து அவற்றை எடுத்து வருதற்கும் ஒரு கட்டளைத்தொகுதி வேண்டுமே! அதனை எடுத்து வருவது எது? பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டியவன் நிலையை ஒத்தது இது.

இப்புதிரைத் தொடக்க காலத்தார் கைவருத்தத்தால் தீர்த்தனர். 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினிக்கு உரியவர், அதன் முகப்பிலுள்ள சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி முதற் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் புகட்ட வேண்டியிருந்தது. ஒரு சுவிட்சு தவறினாலும் பொறி எழாது. ஐ.பி.எம். நிறுவனம் 1981-ஆம் ஆண்டு வெளியிட்ட மேசைக்கணினியில் இத்தொல்லை இல்லை. தொடக்கக் கட்டளைகள், மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு சில்லில் நிலையாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அத்தொகுதிக்குப் பயாஸ் என்று பெயர். இன்றைய கணினிகளில் அதன் இடத்தில் யூ.இ.எஃப்.ஐ. என்னும் விரிவான தொகுதி அமைந்துள்ளதேனும், பழுது பார்ப்போர் நாவில் பயாஸ் என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

பொத்தானை அழுத்தியவுடன் நிகழ்வன இவை. முதலில் மின்வழங்கி விழிக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர் கூறும் இப்பெட்டி, வீட்டிற்கு வரும் 230 வோல்ட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டு என்னும் சிறு அளவுகளாக மாற்றுகிறது. அவ்வளவுகள் நிலைபெற்றபின் “யாவும் சீர்” என்னும் குறிப்பைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அக்குறிப்பைப் பெற்ற பின்னரே கணினியின் மூளையாகிய செயலி எழுந்து, பயாஸின் முதற் கட்டளையைப் படிக்கிறது. பயாஸ் வீட்டுக்கு மூத்தவரைப் போன்றது. நினைவகம் உளதா, திரை உளதா, விசைப்பலகை உளதா என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பார்க்கிறது. பின்னர் வன்தட்டைத் தேடி, அதன் தலைப்பில் எழுதப்பட்டுள்ள சிறு தொகுதியிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அது விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயக்குதளத்தை நினைவகத்திற்கு அழைத்து வருகிறது. இவ்வளவும் சில நொடிகளில், பார்ப்போர் ஒரு வாய்த் தண்ணீர் பருகும் முன் முடிந்துவிடுகின்றன.

இப்படிகள் ஒவ்வொன்றும் புறத்தே ஓர் அடையாளம் காட்டும். விளக்கு எரிந்து விசிறி சுழலுமாயின் மின்சாரம் வந்துவிட்டது. செய்தவர் நிறுவனத்தின் முத்திரை திரையில் தோன்றுமாயின் செயலியும் நினைவகமும் திரையும் எழுந்துவிட்டன. இயக்குதளத்தின் முத்திரை தோன்றுமாயின் வன்தட்டும் விடை கூறிவிட்டது. ஆதலின், கண்ணாலும் செவியாலும் கவனிப்பவன் ஒரு திருகாணியையும் கழற்றாமலே பழுதின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம். கைவிரைவு உடையவனைக் காட்டிலும் கண்பொறுமை உடையவனே இத்தொழிலில் வல்லவன் ஆகின்றான்.

விளக்கே எரியவில்லையாயின் கணினியை ஐயுறுவதற்கு முன் சுவரை ஐயுறுதல் வேண்டும். அதே பிளக்குப் புள்ளியில் ஒரு மேசைவிளக்கை மாட்டிப் பார்த்தால் மின்சாரம் வருகிறதா என்பது தெரிந்துவிடும். மேசைக்கணினியின் பின்புறத்தில் மின்வழங்கிக்குத் தனியே ஒரு சுவிட்சு உண்டு. வீடு பெருக்குங்கால் அது கைபட்டு அணைந்திருத்தலும், அதனை அறியாது கணினியைக் கடைக்குச் சுமந்து செல்லுதலும் உலகில் நிகழ்வனவே. மடிக்கணினியாயின், அடாப்டரையும், கழற்றத்தக்க பேட்டரி உடையதாயின் பேட்டரியையும் நீக்கிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பின்னர் அடாப்டரை மட்டும் மாட்டிப் பார்த்தல் நலம். உள்ளே தங்கிநின்ற எஞ்சிய மின்சாரம் வடிந்தவுடன் எழுந்துவிடும் மடிக்கணினிகள் பல. பேட்டரி வீங்கி உறையைத் தள்ளிக்கொண்டிருக்குமாயின் அதனை அழுத்துதலும் குத்துதலும் கூடா. அது தீப்பற்றும் தன்மையது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாணவர் ஒருபோதும் திறத்தல் கூடாது. 230 வோல்ட்டு என்று கூறப்படும் மாறுமின்னோட்டத்தின் உச்ச அளவு ஏறத்தாழ 325 வோல்ட்டு. அவ்வளவு மின்சாரம், பிளக்கைப் பிடுங்கிய பின்னரும், அப்பெட்டியிலுள்ள மின்தேக்கிகளில் சிறிது நேரம் தங்கியிருக்கக் கூடும். கணினியின் ஏனைய உறுப்புகள் தவறினால் பொருளே போகும். இப்பெட்டியில் தவறினால் உயிர் போதலும் உண்டு.

விளக்கு எரிந்து, விசிறியும் சுழன்று, திரை மட்டும் இருண்டிருத்தல் பலரும் காணும் நிலை. மடிக்கணினியைக் கம்பி வழியே வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்த்தால், குறை திரையிலா உள்ளேயா என்பது புலப்படும். தொலைக்காட்சியிலும் படம் வாராதாயின் ஐயம் நினைவகத்தின்மேல் செல்லும். ராம் என வழங்கும் நினைவகப் பலகை விரல்நீள அளவினது. அதன் ஓரத்தில் பொன்முலாம் பூசிய சிறு பற்கள் வரிசையாக உள்ளன. நாளடைவில் அவற்றின்மேல் அழுக்குப் படிந்தால் தொடர்பு அறுபடும். மின்சாரத்தை முற்றும் நீக்கிய பின், பலகையை மெல்ல எடுத்து, பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் அப்பற்களை இலேசாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, இரு பக்கத்துப் பற்றுகளும் ‘டக்’ என்று பொருந்துமாறு மீண்டும் அழுத்துவர். ஊர்ப்புறக் கடைகளில் வழிவழியாக வழங்கும் கைமருந்து இது. எளிமை கருதி இதனை இகழ்தல் வேண்டா. இதனால் பிழைத்தெழுந்த கணினிகள் பல. ஆயின் பலகையைத் தொடுமுன் பெட்டியின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியைத் தொடுதல் வேண்டும். உடலில் தங்கும் நிலைமின்சாரம், மனிதன் உணராத அளவினதாயினும், நுண்சில்லுகளை அழிக்க வல்லது.

பெட்டியைத் திறந்தால் காணப்படும் பொருள்கள் சில வியப்பளிக்கும். எறும்புக் கூட்டமும் கரப்பான் முட்டையும் பல்லியின் எலும்பும் அங்கே குடியிருத்தல் உண்டு. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தார் அமைத்த மார்க்-2 என்னும் பெருங்கணினியின் ரிலே ஒன்றில் விட்டிற்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. அங்குப் பணிபுரிந்தோர் அதனை எடுத்து, நாட்குறிப்பேட்டில் ஒட்டி, பூச்சி உண்மையிலேயே அகப்பட்டது இதுவே முதன்முறை என நகையாகக் குறித்தனர். பொறியின் குறையைப் பூச்சி என்று கூறும் வழக்கு அதற்கு முன்னரே எடிசன் காலத்தில் இருந்தமையின், அந்நகை அவர்க்குப் பொருளுடைத்தாயிற்று. அவ்வேடு இன்றும் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

பூச்சியினும் மிக்க தீங்கு செய்வது தூசி. கோடையில் வெப்பம் மிகுந்த ஊர்கள் என வானிலை மையத்தார் வெளியிடும் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி இடம்பெறும். அத்தகைய வெயிலில், விசிறியின் இதழ்களுக்கிடையே பஞ்சுபோல் தூசி அடைத்துக்கொண்டால் செயலியின் வெப்பம் வெளியேறுதல் இயலாது. தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுக் கணினி தானே அணைந்துவிடும். காலையில் எழுந்து நடுப்பகலில் விழும் கணினியைக் கண்டால் முதற்கண் மென்தூரிகையை எடுத்தல் தகும்.

இனி, வன்தட்டைப் பற்றியது. ஏனைய உறுப்புகள் விலைகொடுத்து வாங்கத்தக்கன. வன்தட்டில் உள்ளனவோ அவ்வாறல்ல. எடுத்துக்காட்டாக, திருத்தணி அடிவாரத்தில் பூக்கடை நடத்தும் ஒரு குடும்பத்தை எண்ணிக் கொள்ளலாம். மூத்த மகள் மேனிலைப் பள்ளியில் பெற்ற மடிக்கணினியே அவர்தம் வீட்டுக் கணினி. ஆடிக் கிருத்திகைக்கு மலர்க்காவடி வேண்டுவோர் முன்கூட்டிக் கொடுத்த பணத்தின் கணக்கு அதில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மகனின் பாடக்குறிப்புகள் இருக்கின்றன. அவற்றோடு, மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்த பாட்டியார், தமிழும் தெலுங்கும் விரவப் பாடிய காவடிப் பாட்டுகளின் ஒலிப்பதிவும் இருக்கிறது. பேத்தி தன் கைப்பேசியில் பதிந்து கணினிக்கு மாற்றியது அது. அக்கைப்பேசி பின்னர்த் தொலைந்தது. ஆகவே அப்பாட்டுகள் உலகில் வேறெங்கும் இல்லை.

அம்மடிக்கணினியின் பேட்டரி நாட்பட்டு வலுவிழந்திருந்தது. அடாப்டரின் துணையாலேயே அது இயங்கி வந்தது. ஓரிரவு மின்தடை ஏற்பட்டவுடன், வன்தட்டில் எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே பொறி திடுமென அணைந்தது. மறுநாள் பொத்தானை அழுத்தியபோது விளக்கு எரிந்தது, முத்திரை தோன்றியது, அதன்பின் கரிய திரையில், இயக்குதளம் காணப்படவில்லை என்று பொருள்படும் ஒரு வரி மட்டும் வந்து நின்றது.

தாயார் அதனைக் கடைத்தெருவிற்கு எடுத்துச் சென்றார். கடையிலிருந்த இளைஞர் பார்த்துவிட்டு, “விண்டோஸ் போய்விட்டது, அக்கா. ஃபார்மட் போட்டால் மாலைக்குள் தந்துவிடுவேன்” என்றார்.

“உள்ளே இருப்பவை யாவும் அப்படியே இருக்குமா, தம்பி?”

“அவை போய்விடும், அக்கா. புதிதாகத்தான் வரும்.”

வினவாதிருந்தால் அவரும் கூறியிரார். ஃபார்மட் செய்தல் என்பது, எழுதிய சுவடியின் முதற்பக்க அடைவைக் கிழித்தெறிந்துவிட்டு, அதன்மேலேயே புதிது எழுதத் தொடங்குதலை ஒப்பது. அடைவு மட்டும் போனால் உள்ளேடுகளைத் தேடியெடுத்தல் ஓரளவு கூடும். மேலே எழுதிவிட்டால் கூடாது. கடைக்காரரை இதற்குக் குறைகூறுதல் முறையன்று. பொறியை எழுப்புமாறு அவரைக் கேட்டனர். அவர் அதற்கு வழி கூறினார். பாட்டியாரின் குரல் அதனுள் இருப்பதை அவர் எங்ஙனம் அறிவார்? பழுது பார்க்கக் கொடுப்போர், உள்ளிருப்பதை முதலில் காக்க வேண்டும் என்பதைத் தாமே வாய்திறந்து கூறுதல் வேண்டும்.

தாயார் மடிக்கணினியைத் திரும்ப எடுத்து வந்தார். அன்று மாலை அக்காளும் தம்பியும் படிப்படியாக ஆராய்ந்தனர். முதலில், பக்கவாட்டில் பென்டிரைவ் ஏதும் செருகியுள்ளதா என்று பார்த்தனர். சில வேளைகளில் கணினி வன்தட்டை விடுத்துப் பென்டிரைவில் இயக்குதளத்தைத் தேடி ஏமாந்து நிற்கும். அதனை உருவியவுடன் எழுந்துவிடும். இங்கு அவ்வாறு ஒன்றும் இல்லை. அடுத்து, பொத்தானை அழுத்திய உடனே அதற்குரிய விசையைத் தட்டிப் பயாஸின் பட்டியலைத் திறந்தனர். எஃப் 2, எஃப் 12, டெலீட் என்று இவ்விசை நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். பட்டியலில் வன்தட்டின் பெயர் இருந்தது. செவியை அணுக வைத்தபோது சுழலும் ஒலி சீராகக் கேட்டது. ஆகவே தட்டு உயிரோடு உள்ளது. அதில் எழுதியுள்ள இயக்குதளமே சிதைந்தது என்று தெளிந்தனர். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றினர். மாற்றியதை ஒரு தாளில் குறித்தனர். இரண்டை ஒருங்கே மாற்றியிருப்பின், எது பயன்பட்டது என்பதை அறிதல் இயலாது போயிருக்கும்.

தன் வீட்டுச் சாவியைத் தொலைத்தவன் அண்டை வீட்டு மாடி வழியே இறங்குவதுண்டு. அதுபோல, வன்தட்டின் இயக்குதளம் எழாதபோது பென்டிரைவிலிருந்து மற்றோர் இயக்குதளத்தை எழுப்பலாம். சென்னையிலுள்ள சி-டாக் என்னும் மைய அரசு நிறுவனத்தார் உருவாக்கி, 2007-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பாஸ் லினக்ஸ் இதற்கு ஏற்றது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குவது அது, விலையின்றிக் கிடைப்பது. நண்பன் வீட்டுக் கணினியில் அதனை இணையத்திலிருந்து இறக்கிப் பென்டிரைவில் பதிந்தனர். அவ்வாறு பதியுங்கால் பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் ஆதலின், ஒன்றுமில்லாத பென்டிரைவையே கொண்டனர். பயாஸில் அதனை முதலாவதாகத் தேர்ந்து தொடங்க, மடிக்கணினி எழுந்தது. அப்போது ‘நிறுவுக’ என்னும் தெரிவைத் தொடாமல், நிறுவாது இயக்கிப் பார்க்கும் தெரிவையே தேர்ந்தனர். முன்னதைத் தொட்டிருப்பின் அவர்களே தம் கையால் ஃபார்மட் செய்தவர் ஆவர். பழைய வன்தட்டு, படிக்க மட்டும் உரிய நிலையில், ஒரு கோப்புறையாகத் திரையில் தோன்றியது. முதலில் பாட்டுகளையும், பின்னர்க் கணக்கையும், அதன்பின் பாடக்குறிப்புகளையும் மற்றொரு பென்டிரைவிற்குப் படியெடுத்தனர். படியெடுத்தவற்றைத் திறந்து, பாட்டு இறுதிவரை ஒலிக்கின்றதா என்று கேட்டும் பார்த்தனர். படியெடுத்ததாக எண்ணிப் பெயர் மட்டும் உள்ள வெற்றுக் கோப்பைக் காத்தவர்கள் இலரல்லர். அதன் பின்னரே மடிக்கணினி மீண்டும் கடைக்குச் சென்றது.

அண்மைக்காலக் கணினிகள் சிலவற்றில் இவ்வழி நேரே பயன்படாது. பிட்லாக்கர் என்னும் பூட்டினால் வன்தட்டு முழுவதும் மறைமொழியில் எழுதப்பட்டிருக்கும். அதனைத் திறத்தற்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் தேவை. கணினி நலமாக உள்ளபோதே அவ்வெண்ணைத் தாளில் குறித்து, வீட்டுப் பத்திரங்களோடு வைத்தல் வேண்டும். விண்டோஸ் 10 பதிப்பிற்கு வழக்கமாக வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-உடன் நிறுத்தப்பட்டமையின், புதிதாக இயக்குதளம் நிறுவுவோர் எதனை நிறுவுவது என்பதையும் வினவிக் கொள்ளுதல் நலம். பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு லினக்ஸே சுமை குறைந்தது.

வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்னும் ஒலி விட்டுவிட்டு எழுமாயின் நிலைமை வேறு. அதனுள் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை, தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில், தட்டைத் தொடாமல் மிதந்து செல்கிறது. அம்முனை தளர்ந்தோ தட்டில் உராய்ந்தோ எழுவதே அவ்வொலி. அந்நிலையில் ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்துவதும், எழுத்தின்மேல் ஆணியால் கீறுவதற்கு ஒப்பாகும். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்போரிடம் ஒப்படைத்தல் ஒன்றே செய்யத்தக்கது. அவர்கள் கேட்கும் கூலி, கணினியின் விலையை மிஞ்சுதலும் உண்டு. சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகையில் இத்தகைய ஒலி இராது. அது முன்னறிவிப்பின்றியே வாய்மூடிவிடுதல் கூடும் என்பதால், அதனை வைத்திருப்போர்க்கு மறுபடி இன்னும் இன்றியமையாதது.

எழுந்த கணினி பல ஆண்டுகளுக்கு முந்திய நாளைக் காட்டுதலும் உண்டு. தாய்ப்பலகையில் காசு வடிவான ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாத வேளையிலும் கணினியின் கடிகாரம் ஓடுவது அதனாலேயே. அதன்மேல் சி.ஆர்.2032 என்று பொறித்திருப்பர். அவ்வெண் அதன் அளவைக் குறிப்பது: 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. 3 வோல்ட்டு தரும் இப்பேட்டரி சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். ஓய்ந்தால் கணினி நாளை மறக்கும். நாள் தவறினால் வங்கி முதலியவற்றின் இணையப் பக்கங்கள் பாதுகாப்பற்றன என்று திறக்க மறுக்கும். இணையம் கெட்டது என்று எண்ணிப் பலர் வேறெங்கோ தேடுவர். மேசைக்கணினியில் இதனை மாற்றுதல் எளிது; எழுத்துள்ள முகம் மேல்நோக்கி இருக்குமாறு பொருத்துதல் வேண்டும். கழற்றிய பழைய பேட்டரியைக் குழந்தைகள் எட்டும் இடத்தில் வைத்தல் ஆகாது. விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும் கொடுமையுடையது அது. அதன் இருமுகத்தையும் பசைநாடாவால் ஒட்டி, மின்னணுக் கழிவு பெறுவோரிடம் சேர்த்தல் வேண்டும்.